படங்களுடன் கூடிய கணினி வழிகாட்டி நூலைப் புரட்டிப் பார்ப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். கணினியைப் புதிதாகத் தொடும் ஒருவருக்கு, இயங்குதளத்தை, அதாவது விண்டோஸ், லினக்ஸ் போன்று கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, படங்களுடன் விளக்கும் வழிகாட்டி நூல் ஒன்றைப் பரிந்துரைக்குமாறு உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். மேசையில் மூன்று நூல்களை எடுத்து வைத்திருக்கிறேன்; ஆனால் எதன் பெயரையும் சொல்லப்போவதில்லை. அடுத்த பதிப்பு வந்ததும் என் பரிந்துரை பழசாகிவிடும் என்பதால், நல்ல நூலை நீங்களே அடையாளம் கண்டுகொள்ளும் வழியைச் சொல்கிறேன்.

முதல் நூலில், கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றுவது பற்றிய பக்கத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கிறேன், பாருங்கள். முழுத் திரையையும் ஸ்கிரீன்ஷாட்டாக, அதாவது திரையில் தெரிவதை அப்படியே படமாக எடுத்து, அதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி அச்சிட்டிருக்கிறார்கள். கிளிக் செய்ய வேண்டிய இடம் அதில் எள்ளளவுதான் தெரிகிறது. அதற்கான விளக்கமோ பக்கத்தைத் திருப்பினால்தான் கிடைக்கிறது. படிப்பவர் படத்தைப் பார்த்து, எழுத்தைத் தேடி, அதை மனத்தில் வைத்துக்கொண்டு கணினித் திரைக்குத் திரும்புவதற்குள் பாதி மறந்துபோகிறது. கவனம் இப்படிப் பிளவுபடுவது கற்பவரின் நினைவின் மீது தேவையற்ற சுமையை ஏற்றும் என்பதை ஜான் ஸ்வெல்லர் முதலான கல்வி உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது நூலில் அதே பாடம் இருக்கிறது. இங்கே தேவையான மூலையை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, படத்தின் மீதே 1, 2, 3 என்று எண்ணிட்டு, அந்தந்த எண்ணுக்குரிய வரியை ஒட்டியே அச்சிட்டிருக்கிறார்கள். கூடவே ஓரத்தில் முழுத் திரையின் சிறு படம் ஒன்றையும் வைத்து, பெரிதாக்கிய பகுதி எங்கே இருக்கிறது என்று கட்டமிட்டுக் காட்டியிருக்கிறார்கள். இந்தச் சிறு படம் இல்லாவிட்டால், வெட்டியெடுத்த துண்டு திரையின் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று புதியவர் தடுமாறிப்போவார்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது, கிளிக் செய்த பிறகு திரை எப்படி மாறியிருக்கும் என்பதைக் காட்டும் படம். பெரும்பாலான நூல்கள் எங்கே அழுத்துவது என்பதோடு நின்றுவிடுகின்றன. பழகியவருக்கு அது போதும். புதியவரோ, அழுத்திய பின் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றினால் மீண்டும் மீண்டும் அழுத்துவார், ஒரே சாளரத்தை ஐந்து முறை திறந்துவிட்டு, கணினி கெட்டுப்போனது என்று பயந்துவிடுவார். 'இப்படி வந்திருந்தால் சரி' என்று காட்டும் ஒரு படம் இருந்தால் அந்தப் பயம் எழாது.

சரி, திரை படத்தைப் போல் இல்லாவிட்டால் என்ன செய்வது? இது அடிக்கடி நேரும். விண்டோஸ் தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை, அதாவது கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை, இயல்பாகவே மறைத்து வைத்திருக்கும். நூலாசிரியர் தம் கணினியில் அதைத் தெரியும்படி மாற்றிவிட்டுப் படமெடுத்திருந்தால், படத்தில் உள்ள பெயரும் உங்கள் திரையில் உள்ள பெயரும் ஒத்துவராது. 1995-இல் விண்டோஸ் 95 வந்தது முதல் மெனுவைத் திறக்கும் ஸ்டார்ட் பொத்தான் இடப்பக்கக் கீழ்மூலையில் இருந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 அதை எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த 8.1 அதைத் திருப்பிக் கொடுத்தது. 2021-இல் விண்டோஸ் 11 அதை டாஸ்க்பாரின், அதாவது திரையின் அடியில் உள்ள பட்டையின் நடுப்பக்கத்துக்கு நகர்த்தியது. அதே விண்டோஸ் 11 வெளிவந்தபோது, கோப்பின் மீது வலது கிளிக் செய்தால் 'வெட்டு', 'நகலெடு' என்ற சொற்கள் இல்லாமல் வெறும் சிறு படக்குறிகளே தோன்றின. நூலில் படித்த சொல்லைத் திரையில் தேடியவர்கள் பாவம், கத்தரிக்கோல் படத்தை அதனுடன் பொருத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். லினக்ஸ் நூலாக இருந்தால், க்னோம், கேடிஈ போன்றவற்றுள் எந்த டெஸ்க்டாப்பில், அதாவது எந்தத் திரை அமைப்பில் எடுத்த படங்கள் என்பதை முதலில் பாருங்கள். ஒன்றின் படம் மற்றொன்றுக்கு உதவாது.

1980-களில் ஐபிஎம் ஆய்வு மையத்தில் ஜான் கரோல் என்பவர், அலுவலகப் பணியாளர்கள் கடிதம், ஆவணம் போன்றவற்றைத் தட்டச்சு செய்யும் சொற்செயலி மென்பொருளைக் கற்பதைக் கூட இருந்து கவனித்தார். கையேட்டைப் பக்கம் பக்கமாக அவர்கள் படிக்கவில்லை. பாதியில் தாவி, தங்கள் சொந்த வேலையைச் செய்து பார்க்க முயன்று, தவறான இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். அதனால் அவர் கையேட்டை மெலிதாக்கி, தவறு நேர்ந்தால் மீள்வதற்கான வழிகளை அதில் சேர்த்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் மூன்று நூல்களில் ஒன்றில்தான், கண்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்தினால் கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறலாம் என்பது தொடக்கத்திலேயே வருகிறது. மற்ற இரண்டில் அது கடைசிப் பக்கங்களில், குறுக்குவிசைகளின் அட்டவணைக்குள் புதைந்து கிடக்கிறது.

அட்டவணை என்றதும் பின்பக்கத்துச் சொல்லடைவு நினைவுக்கு வருகிறது. இவை கதைபோல் முதலிலிருந்து படிப்பதற்கான நூல்கள் அல்ல. சிக்கல் வரும்போது எடுத்துப் பார்ப்பவை. மூன்றாவது நூலில் படங்கள் அருமையாக உள்ளன. ஆனால் சேமித்த கோப்பைக் காணோம் என்று தவிப்பவர் அதன் சொல்லடைவில் எதைத் தேடுவார்? 'காணாமல் போன கோப்பு' என்ற பதிவு இல்லை. 'தேடல் வசதி' என்று இருக்கிறது. அந்த வசதியின் பெயர் ஏற்கெனவே தெரிந்தவருக்கு அந்தப் பக்கம் தேவையே இல்லை!

வாங்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வெர்' என்பதை ஆங்கில எழுத்துகளில் (winver) தட்டி என்டர் விசையை அழுத்தினால் உங்கள் விண்டோஸின் பதிப்பு தெரியும்; மேக்கில் மேல் இடப்பக்க ஆப்பிள் மெனுவில் முதல் வரியைக் கிளிக் செய்தால் அது தெரியும். அதைக் குறித்துக்கொண்டு, நூலின் உரிமைப் பக்கத்தில் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். என் முதல் நூலில் அது அச்சிடப்படவே இல்லை. அதனால் பென்சிலால் நானே எழுதி வைத்திருக்கிறேன்.