கைபட்ட சூட்டி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மஞ்சள் நிறக் கரடிக்குட்டி. காது இரண்டும் கறுப்பு. கையில் ஒரு சின்ன மந்திரக்கோல். வாய் திறந்து ஒரு சொல் பேசாது. பக்கத்தில் நிற்பவரின் காதோடு காதாக ஏதோ சொல்லும், அவர் அதை நமக்கு எடுத்துச் சொல்வார். இவ்வளவு சொன்னாலே பிரிட்டனில் வளர்ந்த யாருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். சூட்டி, தொலைக்காட்சியில் வந்த கைப்பொம்மை. 1980களிலும் 90களிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடைகூட மாற்றாமல் ஐ.டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்த கரடி. ஆங்கிலம் பிடிபடாத அம்மம்மாமாரும் கூட இருந்து சிரித்தார்கள். தண்ணீர்த் துப்பாக்கியால் ஒருவர் முகத்தில் பீய்ச்சி அடிப்பதைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு?

அந்த நிகழ்ச்சியின் பெயரில் உரிமம் பெற்று வெளிவந்த துணிப்பொம்மைகளைத் தேடிச் சேர்க்கிறவன் நான். கார் பூட் சேல் எனப்படும், கார்களின் பின்பெட்டியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை, சாரிட்டி கடை, சின்னச் சின்ன ஏல நிலையங்கள் என்று பல வருடமாக அலைகிறேன். இந்த உலகத்தில் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பெட்டியோடு இருக்கிறதா, கை படாமல் புதுசு போல இருக்கிறதா என்பதுதான் அது. மற்றப் பொம்மைகளுக்கு அந்தக் கேள்வி சரி. சூட்டிக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. காரணம், அந்தக் கரடி வந்த வழி அப்படி.

1948ஆம் ஆண்டு. வடமேற்கு இங்கிலாந்தின் கடற்கரை ஊர் பிளாக்பூல். யார்க்‌ஷரைச் சேர்ந்த ஹாரி கார்பெட் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருக்கிறார். தொழில் பொறியியல், ஓய்வு நேரத்தில் மேஜிக், பியானோ. மீன் வறுவலுக்குப் பேர்போன ஹாரி ராம்ஸ்டன் இவருடைய மாமா. அவருடைய உணவகத்தில் இவர் பியானோ வாசித்ததும் உண்டு. பிளாக்பூல் கடலுக்குள் நீண்டு நிற்கும் நார்த் பியர் பாலத்தில் ஒரு கடை. அங்கே ஒரு கரடிக் கைப்பொம்மை இவர் கண்ணில் படுகிறது. விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது இன்றைய நாணயத்தில் முப்பத்தேழரை பென்ஸ். மகனுக்கு விளையாட்டுக் காட்டலாம் என்று வாங்கிக்கொண்டார். அப்போது அதன் பெயர் டெடி.

1952இல் அந்தக் கரடியோடு பிபிசியின் திறமை நிகழ்ச்சி ஒன்றில் தோன்றினார். கறுப்பு வெள்ளைத் திரையில் எடுப்பாகத் தெரியட்டும் என்று காதிலும் மூக்கிலும் புகைக்கரி பூசினார். ஆங்கிலத்தில் புகைக்கரிக்கு சூட் என்று பெயர், அதனால்தான் சூட்டி. 1955இல் சூட்டிக்கென்றே தனி நிகழ்ச்சி வந்துவிட்டது.

வழக்கமாக என்ன நடக்கும்? பொம்மலாட்டக் கலைஞர் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து ஒரு பாத்திரத்தைச் செதுக்கி, தைத்து உருவாக்குவார். திரையில் அது பேர் வாங்கியதும் ஒரு கம்பெனி உரிமம் வாங்கி, அதைச் சுருக்கி, செலவைக் குறைத்துக் கடைக்கு அனுப்பும். பிள்ளைக்குக் கிடைப்பது நகல். சூட்டி விஷயத்தில் இது தலைகீழ். கடைப்பொம்மைதான் திரைக்குப் போனது. அதைப் பார்த்து ஒரு பிள்ளை கடையில் சூட்டி வாங்கிக் கையில் மாட்டும்போது, ஹாரி கார்பெட் என்ன செய்தாரோ அதையேதான் அதுவும் செய்கிறது. ஆட்காட்டி விரல் தலைக்குள், கட்டைவிரல் ஒரு கைக்குள், நடுவிரல் மற்றக் கைக்குள். நூல் இல்லை, கம்பி இல்லை, வேறு கருவி எதுவும் இல்லை.

சரி, அந்தப் பொம்மைகளைச் செய்தது யார்? சேகரிப்பவர்கள் முதலில் தேடும் பெயர் சாட் வேலி. பர்மிங்ஹாம் அருகே ஹார்போர்னில் வேரூன்றிய பழைய கம்பெனி. துணிப்பொம்மைகளை ஷ்ரொப்‌ஷரில் வெலிங்டன் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில் தைத்தார்கள். 1950களிலிருந்து சூட்டி கைப்பொம்மைகள் இவர்கள் பெயரில் வந்தன. பின்னால் சூட்டியின் கூட்டாளிகளான ஸ்வீப் என்ற நாயும் சூ என்ற பாண்டாவும் சேர்ந்துகொண்டார்கள்.

பொம்மையின் வயதைச் சொல்வது துணிச்சீட்டு. ஓரத் தையலுக்குள் அரைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டுத் துணி இருக்கும். பழைய சாட் வேலிச் சீட்டுகளில் அரச முத்திரை வாசகம் ஒன்றைப் பார்க்கலாம். 1938இல் இந்தக் கம்பெனிக்கு அரசியின் பொம்மைத் தயாரிப்பாளர் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்த அரசி ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி எலிசபெத். 1952இல் மன்னர் காலமானார், மகள் அரியணை ஏறினார். அதன் பிறகு சீட்டில் அரசி என்று இருந்த இடத்தில் அரசித் தாய் என்று மாற்றினார்கள். சூட்டி புகழ்பெற்றதே 1952க்குப் பிறகுதான். ஆகவே அரசித் தாய் வாசகம் உள்ள சீட்டைத்தான் சூட்டியில் எதிர்பார்க்க வேண்டும். பழைய வாசகத்தோடு ஒரு மஞ்சள் கரடியை யாராவது சூட்டி என்று நீட்டினால், நின்று யோசியுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சாட் வேலி என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். 1978இல் அந்தக் கம்பெனி பாலிடாய் என்ற இன்னொரு பொம்மைக் கம்பெனியின் கைக்குப் போனது. 1988இல் பெயரை வுல்வொர்த்ஸ் வாங்கியது. வுல்வொர்த்ஸ் கடைகள் மூடிய பிறகு, 2009இல் அது ஆர்கோஸ் கடைகளை நடத்திய குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் ஆர்கோஸில் புத்தம்புதுப் பொம்மைகளில் அதே பெயரைப் பார்க்கலாம். சீட்டில் சிஇ குறி இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது 1990ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்த பொம்மை. ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்பு விதியால் வந்த குறி அது.

சீட்டே இல்லாமல் வருபவைதான் அதிகம். பிள்ளைகளுக்குக் கையில் உறுத்துகிறது என்று அம்மாமார் கத்தரித்துவிடுவார்கள். அப்போது துணியைத்தான் படிக்க வேண்டும். காதின் கறுப்பு தனித் துணியா, மேலே பூசியதா? கண் எப்படிப் பொருத்தியிருக்கிறது? அந்தக் காலத்தில் மஞ்சள் கரடிக் கைப்பொம்மைகளைப் பல கம்பெனிகள் செய்தன. அவற்றையெல்லாம் இன்று சூட்டி என்றே விற்கிறார்கள். விற்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் சூட்டியே அப்படி ஒரு சாதாரணக் கரடியாக இருந்ததுதானே.

என்னிடம் உள்ள ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். கிழக்கு லண்டனில் ஒரு கார் பூட் சேலில், சமையல் புத்தகங்களுக்கு நடுவே தலைகீழாகக் கிடந்தது. மூக்கைச் சுற்றி மயிரே இல்லை, அடித்துணியின் இழை தெரிகிறது. முத்தம் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்த இடம் அது என்று பொம்மை பழகியவர்கள் யாரும் சொல்வார்கள். கழுத்துத் தையல் ஒருமுறை விட்டுப்போயிருக்கிறது. யாரோ சிவப்பு நூலால், கம்பளிச் சட்டை தைக்கிற தடித்த ஊசியால், பெரிய பெரிய தையலாகப் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். உட்பக்கம் கீழ் ஓரத்தில் பள்ளிச் சீருடையில் தைக்கிற பெயர்ப் பட்டி ஒன்று உண்டு. பொம்மையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது அந்தப் பிள்ளை. அப்புறம் கைகள். பொம்மையின் இடது கை வலது கையைவிட நன்றாக அகன்று தளர்ந்திருக்கிறது. கரடியை முன்னால் பார்க்கவைத்து உங்கள் வலக்கையில் மாட்டிப் பாருங்கள். உங்கள் கட்டைவிரல் கரடியின் இடக்கைக்குள் போகும். ஆக, இதை வைத்திருந்தது வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை. பெட்டி பிரிக்காத பொம்மை இதில் எதையும் சொல்லாது.

ஏலக் கடைக்காரர்கள் இந்தக் கரடியைக் கடைசித் தரம் என்பார்கள். சந்தை விலைக்கு அவர்கள் சொல்வது சரிதான். பெட்டியோடு, சீட்டோடு, நிறம் மங்காமல் வருவதற்குத்தான் காசு. ஆனால் சூட்டி நிகழ்ச்சியின் ஆரம்ப காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1950களில் பிபிசியில் பெரும்பாலும் நேரலைதான். ஒளிபரப்பானதும் காற்றோடு போய்விடும், பதிவு செய்து வைத்தது கொஞ்சம். அந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் திரையில் பார்த்ததைக் கையில் எடுத்து ஆடிய ஆட்டத்துக்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பது இந்தத் தேய்ந்த துணிகள்தான். அதனால்தான் நான் தேய்மானத்தைக் குறையாகப் பார்ப்பதில்லை. அதைத்தான் சேர்க்கிறேன்.

கூட்டாளிகளைச் சொல்லாமல் விடக்கூடாது. 1957இல் ஸ்வீப் வந்தது. சாம்பல் நிற நாய், நீளமான கறுப்புக் காதுகள், தொத்திறைச்சி மேல் தீராத ஆசை. கீச்சுக் கீச்சென்ற அதன் குரலைச் சாக்ஸபோன் வாத்தியத்தின் சீவாளியை வைத்து எழுப்பினார்கள். 1964இல் சூ என்ற பாண்டா வந்தாள். மூவரில் வாய்விட்டுப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். ஹாரியின் மனைவி மார்ஜரிதான் குரல் கொடுத்தார். ஆண் கரடிக்குப் பக்கத்தில் பெண் பாத்திரம் சரியா என்று பிபிசிக்குள் ஒரு தயக்கம் இருந்ததாம், பிறகு விட்டுக்கொடுத்தார்கள். மூன்றும் சேர்ந்து, ஒரே காலத்துச் சீட்டோடு கிடைத்தால் சேகரிப்பவருக்கு அன்று தூக்கம் வராது. சைலோபோன், ஆண்டு மலர்கள் போன்றவையும் ஏராளமாக வந்தன. அவற்றில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை.

ஒன்று மட்டும் விலக்கு, காணிக்கைப் பெட்டி. பார்வையற்றோருக்கான ராயல் தேசிய நிறுவனத்துக்காகக் கடை வாசல்களில் சூட்டி உருவத்தில் உண்டியல்கள் வைத்திருந்தார்கள். குழந்தை உயரத்துக்குப் பெரிதாக நிற்பதும் உண்டு, கல்லாப் பக்கம் வைக்கிற சிறியதும் உண்டு. கடைக்குப் போனால் ஒரு நாணயம் போடாமல் பிள்ளைகள் நகர மாட்டார்கள். பேசாத ஒரு கரடி, பார்க்க முடியாதவர்களுக்காக நின்றது.

பொம்மையின் உரிமை கைமாறிய கதையும் சீட்டுகளில் பதிந்திருக்கிறது. 1975 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாரிக்கு மாரடைப்பு வந்தது, மகன் மேத்யூ நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டார். ஹாரி 1989இல் காலமானார். மேத்யூ 1996இல் சூட்டி உரிமையை 14 லட்சம் பவுண்டுக்கு விற்றார், 1998இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு கையை நுழைத்த ரிச்சர்ட் கேடல் 2008இல் உரிமையையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சீட்டின் காப்புரிமை வரியில் பெயர் மாறும். காலத்தைக் கணிக்க அதுவும் உதவும்.

இனி பராமரிப்பு. சொல்லி வைக்கிறேன், தயவுசெய்து பழைய சூட்டியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். சில கைப்பொம்மைகளில் விரல் நுழையக் கழுத்துக்குள் அட்டைக்குழல் வைத்திருப்பார்கள், நனைந்தால் கூழாகிவிடும். தலைக்குள் இருக்கும் அடைப்பு பஞ்சோ மரச்சுருளோ தெரியாது, நனைந்தால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். பெரிய எதிரி அந்துப்பூச்சி. ஆட்டு மயிர் கலந்த பழைய துணி என்றால் அதன் புழு விடாது. அந்துருண்டை போட்டால் அந்த நாற்றம் பொம்மையை விட்டுப் போகாது. காற்றுப் புகாத பையில் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் துணியில் ஈரம் கோக்காது. இன்னொரு முக்கியமான விஷயம், பழைய பொம்மைகளின் கண் கழன்றுவரக்கூடும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மயிர் உதிர்ந்த இடத்தை ஒட்டுப்போட வேண்டாம். நிறம் மங்கிய காதுக்குப் புதுக் கறுப்பு ஏற்ற வேண்டாம். தையல் விட்டிருந்தால், பொம்மை மேலும் கிழியாத அளவுக்கு மட்டும் நான்கு தையல் போடுங்கள். அந்தச் சிவப்பு நூலை நான் இன்றுவரை பிரிக்கவில்லை.

உங்கள் வீட்டு லாஃப்டில், பிள்ளைகளின் பழைய சாமான் பெட்டியில் ஒரு சூட்டியோ ஸ்வீப்போ கிடக்கலாம். பிள்ளைகள் இன்று பெரியவர்களாகி வேறு ஊரில் இருப்பார்கள். விற்கிறீர்களோ, வைத்திருக்கிறீர்களோ, கொடுத்துவிடுகிறீர்களோ, அது உங்கள் விருப்பம். அதற்கு முன் பிள்ளைக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள், யார் வாங்கித் தந்தது, எந்த வீட்டில் இருந்தபோது, அதற்கு வேறு பெயர் ஏதும் வைத்திருந்தாயா என்று. சொல்வதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பொம்மைக்குள் வையுங்கள். பேனா வேண்டாம், மை துணியில் ஊறிவிடும், பென்சிலால் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் நல்லதுதான், நாளைக்கு அதை வாங்குகிறவர் படிக்க ஆள் தேடிக்கொள்வார்.

நன்றி. வணக்கம்.