எந்த வெக்கையை அளக்கிறீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். காலநிலை மாற்றத்தால் உடல்நலத்துக்கு என்ன நேர்கிறது என்பதை ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் நம் திருகோணமலை மாவட்டத்தில் பெருகிவருகிறார்கள். நல்ல விசயம். ஆனால் அவர்களின் ஆய்வு முன்மொழிவைப் புரட்டினால் துருவப் பனி உருகுவதிலேயே பாதிப் பக்கங்கள் போய்விடுகின்றன. மூதூரும் தம்பலகாமமும் வருவதற்குள் வாசிப்பவர் களைத்துவிடுவார்.

திருகோணமலையில் இருப்பவருக்கு வெக்கை ஒரே மாதிரியானதல்ல என்பது தெரியும். சித்திரையில் காற்றே இல்லாமல் புழுங்கும். உடம்பெல்லாம் வேர்வை வழியும், காயாது. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும். மத்திய மலைநாட்டில் ஈரத்தை இழந்து, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வரும் காற்று அது. அப்போது வேர்ப்பதே தெரியாது. வேர்க்காமல் இல்லை, வேர்வை அந்தக் கணமே காய்ந்துவிடுகிறது. உடம்பு தன் நீரை இழப்பது உரியவருக்கே தெரிவதில்லை.

இந்த இரண்டையும் பிரித்தறிய விலை உயர்ந்த கருவி வேண்டாம். இரண்டு வெப்பமானிகளை நிழலில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஒன்றின் குமிழில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன் நுனியை ஒரு போத்தல் தண்ணீருக்குள் விடுங்கள். கொஞ்ச நேரம் விசிறிவிட்டு இரண்டையும் வாசியுங்கள். உலர்ந்தது 37 பாகை செல்சியஸ், ஈரமானது 24 என்றால் அது கச்சான் நாள். உலர்ந்தது 32தான், ஈரமானது 29 என்றால் அது புழுக்கம். இரண்டாவது நாளைச் செய்தியில் யாரும் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். உடம்பு தன்னைத் தணித்துக்கொள்ளத் திணறுவது அன்றைக்குத்தான். ஈரக்குமிழ், அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, 35 பாகையைத் தொட்டால் மனிதர் தாங்கமாட்டார் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஈரப்பதன் மிகுந்த சூழலில் ஈரக்குமிழ் 31 பாகை அளவிலேயே உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்குவதைக் காட்டியது.

வானிலை நிலையத்தின் எண் வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் எடுத்தது. சிறுபோக அறுவடையில் வெயிலில் நிற்பவருக்கும், தகரக் கூரைக்குக் கீழே பிள்ளையை நித்திரையாக்கும் தாய்க்கும் அந்த எண் பொருந்தாது. அங்கே போய் அளந்தால்தான் அது ஆய்வு. நம் மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரப் பக்கத்தில் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்னும் முடிவாகவில்லை. குடிநீரோடு சேர்த்து, வெயிலில் திரும்பத் திரும்ப நீரிழப்பதையும் ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். வயலில் ஒருவர் எத்தனை மணிக்கு இறங்குகிறார், என்ன குடிக்கிறார், எப்போது சலம் போகிறார் என்று குறித்துவைப்பதும் பயனுள்ள தரவுதான்.

டெங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் நோய் கண்டது. அவ்வாண்டு மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மழைதான் டெங்கைக் கொண்டுவருகிறது என்று எழுதி முடித்துவிடாதீர்கள். வரட்சியில் சனம் பரலிலும் சீமெந்துத் தொட்டியிலும் தண்ணீர் சேமிக்கிறது, நுளம்புக்கு அதுவும் போதும். முட்டை ஈரமில்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும். சூடு கூடினால் நுளம்புக்குள் வைரசு முதிரும் நாட்களும் குறையும். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையை மழை அளவோடு ஒப்பிடும்போது அதே வாரத்தின் மழையை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்திய சில வாரங்களின் மழையையும் பாருங்கள்.

வீடுகளுக்குள் போய் அளப்பதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம். வருகிற சித்திரைப் புழுக்கத்தை அளக்க நினைப்பவர்கள் கார்த்திகையிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.