ஆடிக் காற்றில் இன்ஜெக்டர் கழற்றுகிறோம்

வணக்கம் மக்களே. மைக்கில் உஸ் என்று சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் கிருஷ்ணகிரியில் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அம்மி பறக்கிறதோ இல்லையோ, இரண்டு கடை தள்ளி இருக்கிற கிரானைட் பாலிஷ் ஷெட்டிலிருந்து தூள் நன்றாகவே பறந்து வருகிறது. இந்த பானட்டில் விரலை வைத்து இழுக்கிறேன், பாருங்கள். கோலம் போடலாம். இன்றைய வேலைக்கு இந்தத் தூள்தான் வில்லன்.

வண்டி ஒரு மாங்காய் மண்டிக்காரருடைய டீசல் கார். சீசன் முழுக்க ஓட்டிவிட்டு, இப்போதுதான் விட்டுப் போயிருக்கிறார். மூன்றாவது சிலிண்டரில் 'சக் சக்' என்று ஒரு சத்தம். கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைச் சுற்றித் தார் ஊற்றியது போலக் கருப்பாகக் கட்டியிருக்கிறது, தெரிகிறதா? அடியில் இருக்கிற காப்பர் வாஷர் போய், எரிந்த புகை மேலே வந்து உறைந்ததுதான் அது. வாஷர் சின்னப் பொருள்தான். ஆனால் அதை மாற்ற வேண்டுமென்றால் டீசல் லைனைத் திறந்தாக வேண்டும். பயம் அங்கேதான்.

இன்ஜெக்டருக்குள் இருக்கிற பாகங்களின் இடைவெளி 2, 3 மைக்ரான்தான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். கிரானைட்டில் இருக்கிற குவார்ட்ஸ் சாதாரண இரும்பைக் கீறிவிடும். டேங்கிலிருந்து வருகிற அழுக்கை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும், சரி. ஃபில்டரைத் தாண்டின இடத்தில் நாம் திறந்து வைத்து உள்ளே விழுகிற தூளை யார் பிடிப்பது? அது நேராக, இன்ஜெக்டரின் பீய்ச்சுகிற முனையான நாசிலுக்குத்தான் போகும்.

என் கதையைச் சொல்கிறேன். பட்டறை போட்ட புதிதில், பைப்பை எல்லாம் கழற்றிவிட்டு, 'ஐயோ அழுக்காக இருக்கிறதே' என்று ஏர் கன்னை எடுத்து அடித்தேன். சுத்தம் செய்கிறேன் என்று நினைப்பு! மூன்றாம் நாள் வண்டி கரும்புகையோடு திரும்பி வந்தது. சேலத்தில் இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்தவர் நாசில் ஊசியில் இருந்த கீறலைக் காட்டினார். இன்ஜெக்டர் காசு என் பையிலிருந்துதான் போனது.

அதனால் ஏர் அடிப்பதெல்லாம் திறப்பதற்கு முன்னால்தான். காலையிலேயே, இன்ஜின் ஆறியிருக்கும்போது, பிரஷ் போட்டுத் தேய்த்து, கிளீனர் அடித்து, ஊதிவிட்டேன். பிறகு வாசல் தெளிப்பது போலத் தரையில் தண்ணீர் தெளித்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். டீசல் என்பதால் ஷட்டரை இறக்கினேன். பெட்ரோல் வண்டிக்கு இப்படிச் செய்யாதீர்கள், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் உதிரும். நாசில் அடைக்க ஒரு நூல் போதும்.

இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிரஷர் இறங்குவதற்குத்தான் அந்த நேரம். எவ்வளவு நேரம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் பாருங்கள். பேட்டரி நெகட்டிவ் கழற்றியாயிற்று. இப்போது பைப் நட்டை மெதுவாக இளக்குகிறேன். கழற்றின உடனே, அந்த நிமிடமே, இரண்டு முனைக்கும் மூடி. மூடி இல்லையா? புதிய பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டும் போதும். இன்ஜெக்டர் வந்துவிட்டது. அதன் குழியில் கார்பன் விழாமல் பார்த்துக்கொண்டு, வாஷர் உட்காருகிற சீட்டைச் சுத்தம் செய்து, புது வாஷர் போடுகிறேன். பழையதைத் தேய்த்துப் போடுகிற வேலை வேண்டாம். நான்கையும் கழற்றினால் நம்பர் போட்டு வையுங்கள். இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கிற கோட் நம்பர் அந்தந்த சிலிண்டருக்கு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். மாற்றிப் போட்டால் ஓட்டம் சரியாக இருக்காது.

மாட்டியாயிற்று, டார்க் ரென்சில் முறுக்கியாயிற்று, பேட்டரியையும் இணைத்தாயிற்று. ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஒரு விஷயம். இதை மட்டும் ஓட்டிவிடாமல் கேளுங்கள்.

கார் டயரில் 2 பார் சொச்சம் காற்று இருக்கும். எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கிற இந்தக் குழாயில், இதை ரெயில் என்போம், ஐடிலிலேயே 250, 300 பார். மிதித்தால் 1600 பாருக்கு ஏறும். அந்த அழுத்தத்தில் பைப்பில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் டீசல் கண்ணுக்கே தெரியாது. லீக் எங்கே என்று கையை வைத்துத் தடவினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்தது போல ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இருக்காது. 'ஒன்றுமில்லை அண்ணா' என்று பையன் வேலையைப் பார்ப்பான். சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உடனே போய், 'பிரஷரில் டீசல் உள்ளே ஏறிவிட்டது' என்று சொல்லுங்கள். வெட்டுக்காயம் என்று சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு வராதீர்கள். இன்ஜின் ஓடும்போது நட்டை இளக்கி ஏர் எடுக்கிற பழைய டீசல் பழக்கமும் இந்த வண்டிகளில் கூடாது.

லீக் பார்க்க நான் வைத்திருப்பது இந்த அட்டைப் பெட்டித் துண்டு. பைப்பைத் தொடாமல் தள்ளிப் பிடித்து நகர்த்தினால், பீய்ச்சுகிற இடத்தில் அட்டை நனையும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் கேட்பீர்கள். சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வைத்த சாதாரண எம்பிஎஃப்ஐ பெட்ரோல் வண்டி என்றால் 3, 4 பார்தான். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால், லைனில் இருக்கிற பெட்ரோலைக் குடித்து இன்ஜின் தானாக நிற்கும். அப்புறம் பேட்டரியைக் கழற்றி, துணி சுற்றி லைனைத் திறக்கலாம். அங்கே பிரஷரைவிட நெருப்புதான் பயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். ஷட்டரை முழுக்கத் திறக்கச் சொல்வது அதனால்தான். பக்கத்துக் கடையில் வெல்டிங் ஓடுகிறதா என்றும் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றுகிறோமே, லைன் திறந்திருந்தால் அதுவும் வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது. தீயணைக்கிற பவுடர் சிலிண்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எங்களுடையது நேற்று வரை டயருக்குப் பின்னால் கிடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஸ்டார்ட் செய்கிறேன். முதலில் கொஞ்சம் சுற்றும், பைப்பில் காற்று இருக்கிறது. ம்... பிடித்துவிட்டது. அட்டையைக் காட்டுகிறேன், காய்ந்தே இருக்கிறது. 'சக் சக்' கேட்கிறதா? எனக்குக் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது.