லலிதா கிண்டிக்குப் போனபோது குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

(ஒரு மகளிர் கல்லூரி அறிவியல் மன்றத் தொடக்க விழாவில் பேசியது)

மாணவிகளுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதாவின் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் 1919-இல் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் மகள் சியாமளா பிறந்தாள். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் போய்விட்டார். அந்தக் காலத்தில் இளம் விதவை வீட்டின் எந்த மூலையில் முடங்க வேண்டியிருந்தது என்று உங்கள் பாட்டிகளைக் கேட்டால் தெரியும்.

லலிதா முடங்கவில்லை. அவருடைய அப்பா சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். கல்லூரி முதல்வர் சாக்கோவிடமும் கல்வித்துறை இயக்குநர் ஸ்டாதமிடமும் பேசி, 1940-இல் மகளை மின்பொறியியலில் சேர்த்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. விடுதியில் தனிமை. அப்புறம் லீலம்மா ஜார்ஜும் திரேசியாவும் சிவில் படிப்பில் சேர்ந்தார்கள். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா பின்னாளில் கல்கத்தாவில் ஒரு மின் நிறுவனத்தில் பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்தல் வேலைகளில் பங்கெடுத்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது அவருடைய துணிச்சலைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு வேறொரு கேள்வி உண்டு. அவர் விடுதியில் இருந்தபோது சியாமளாவை யார் பார்த்துக்கொண்டார்கள்? குடும்பம்தான். கல்கத்தாவிலும் சகோதரர் வீடு பக்கபலமாக இருந்தது. அப்பா கதவைத் திறந்துவிட்டார், சரி. ஆனால் அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டவர்கள் குழந்தைக்குச் சோறு ஊட்டியவர்கள்.

இன்றைக்கு இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளில் சேர்பவர்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பெண்கள். உலகில் பல பணக்கார நாடுகளில்கூட இந்த அளவு இல்லை. ஆனால் ஆராய்ச்சிப் பணிகளில் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. நடுவில் அவர்கள் எங்கே போனார்கள்? என் மாணவிகளில் பலரை எனக்குத் தெரியும். தங்கப் பதக்கம் வாங்கியவர்கள். முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது வேலையை விட்டவர்கள். கணக்கு வராமல் யாரும் விடவில்லை. காலை எட்டு மணிக்குக் குழந்தையைக் கொடுக்க ஓர் இடம் இல்லாமல் விட்டார்கள்.

நானும் இளவயதில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். என் ஆய்வைப் பற்றி இரண்டு கேள்வி. மீதி நேரமெல்லாம் "கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது" என்பதுதான். அந்த வேலை கிடைக்கவில்லை. பக்கத்தில் காத்திருந்த ஆண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்களா?

2017-இல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. நல்ல சட்டம், நான் மனதார வரவேற்றேன். ஆனால் விடுப்புச் சம்பளத்தின் சுமை பெரும்பாலும் முதலாளி தலையில் விழுவதால், சின்ன நிறுவனங்கள் பெண்ணை எடுக்கவே தயங்குகின்றன. தந்தைக்கு? மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியார் துறையில் அதைக் கட்டாயமாக்கும் சட்டமே இல்லை. குழந்தை அம்மாவுடைய பொறுப்பு மட்டும் என்று சட்டமே சொல்லிக்கொடுத்தால், நேர்காணலில் அந்தக் கேள்வி எப்படி நிற்கும்?

பெற்றோர்களே, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறீர்கள், மிகவும் சந்தோஷம். மருமகள் ஆய்வகத்துக்குப் போகும்போது உங்கள் மகனிடம் பால் புட்டியைக் கொடுங்கள். பேரக்குழந்தைக்காக மருமகள் வேலையை விடட்டும் என்ற பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள்.

மாணவிகளே, வேலை நேர்காணலில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்பார்கள். காப்பகம் எந்த மாடியில் இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். உங்களோடு படித்த பையன்களையும் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.