ஒரே வீடு, இரண்டு குடியுரிமை: புதுச்சேரி ஒப்பந்தம் எழுதப்பட்ட விதம்

[திரையில்: காரைக்கால், ஓட்டு வீடு, திண்ணை]

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று அண்ணன் தம்பிகள், மூவரும் பிரெஞ்சுப் பிரஜைகள். மூத்தவர் காரைக்காலில் பிறந்து அங்கேயே கடை வைத்திருக்கிறார். அடுத்தவரும் காரைக்காலில்தான் பிறந்தார், ஆனால் பிழைப்பு வியட்நாமின் சைகோனில். கடைக்குட்டி, அப்பா சைகோனில் வேலை பார்த்த காலத்தில் அங்கே பிறந்தவர். இப்போது மூத்த அண்ணனோடு காரைக்காலில் இருக்கிறார்.

1962 ஆகஸ்ட் 16, புதுச்சேரி ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாள். மூவரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. மூத்தவர் இந்தியர் ஆகிவிட்டார். மற்ற இருவரும் பிரெஞ்சுக்காரர்களாகவே இருக்கிறார்கள்.

எப்படி?

[திரையில்: கீழூர் நினைவு மண்டபம்]

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளின் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி மண் இன்னும் பிரான்சுடையதுதான். 1956 மே 28 அன்று டெல்லியில் அந்த மண்ணை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்த வருடங்கள் அவை. ஆக, கிட்டத்தட்ட எட்டு வருடம் இந்திய நிர்வாகத்தின் கீழ் பிரெஞ்சுப் பிரஜைகள் வாழ்ந்தார்கள்.

சரி, ஒப்பந்தத்துக்குள் போவோம். 4-வது ஷரத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். இந்தப் பகுதிகளில் பிறந்து, ஒப்பந்தம் அமலுக்கு வரும் நாளில் இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள் என்கிறது அது. பிறப்பு, குடியிருப்பு என இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். மூத்தவருக்கு இரண்டும் உண்டு. இங்கே பிறந்து, இந்தியாவுக்கு வெளியே வேறு நாட்டில் குடியிருப்பவர் பிரெஞ்சுக்காரராகவே நீடிப்பார் என்பது 7-வது ஷரத்து. சைகோன்காரர் அதில் வருகிறார். வெளியே பிறந்து இங்கே வாழும் கடைக்குட்டியைப் பற்றி எந்த ஷரத்தும் பேசவில்லை. பேசாததால் அவருடைய குடியுரிமையை யாரும் தொடவில்லை.

மாற்றிக்கொள்ள வழி இருந்தது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் மூத்தவர் பிரெஞ்சுக்காரராகத் தொடரலாம், சைகோன்காரர் இந்தியர் ஆகலாம். மூத்தவர் அப்படி எழுதிக் கொடுத்தால், 18 வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத பிள்ளைகளுக்கும் அதுவே. அந்தப் பிள்ளை 18 முடித்த பிறகு, ஆறு மாதத்துக்குள் தானாக இந்தியக் குடியுரிமையைக் கேட்டு வாங்கலாம். கணவர் எடுக்கும் முடிவு மனைவியைக் கட்டுப்படுத்தாது. 1956-இல் இப்படி எழுதியதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த ஆறு மாதம் எனக்கு உறுத்துகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மீனவரோ விவசாயக் கூலியோ என்ன செய்திருப்பார்? 1963 பிப்ரவரியோடு கெடு முடிந்துவிட்டது. பேசாமல் இருந்ததே அவருடைய பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்களில் பலர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள், ஊர் வழக்கில் ‘சொல்தா’.

[திரையில்: புதுச்சேரி, வாக்குச்சாவடி வரிசை]

பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் இன்றும் புதுச்சேரியில் வாக்குச்சாவடி போடுகிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் தமிழில் பேசிக்கொண்டே நகர்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அந்த வரிசையில் இல்லை. அவருடைய தாத்தா 1962-இல் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.