டென்னிஸில் இரண்டாவது கை: வரவு என்ன, செலவு என்ன?

[திரை: வலதுகை வீரர் ஒருவரின் இரு கை பேக்ஹேண்ட், ஸ்லோ மோஷனில்]

இது பேக்ஹேண்ட், அதாவது ராக்கெட் பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிப்பது. இந்த அடியில் எந்தக் கை அதிகம் உழைக்கிறது என்று பாருங்கள். பிடியின் அடிப்பகுதியில் வலது கை, அதற்கு மேலே இடது கை. பந்தை உந்தித் தள்ளுவது பெரும்பாலும் அந்த இடது கைதான். கிட்டத்தட்ட இடது கையால் ஆடும் ஃபோர்ஹேண்ட் (ஆடும் கையின் பக்கத்திலேயே அடிக்கும் அடி) இது. அதனால்தான் பல பயிற்சியாளர்கள் வலது கையை எடுத்துவிட்டு, இடது கையால் மட்டும் மெதுவான பந்துகளை அடிக்கச் சொல்கிறார்கள்.

இரண்டு கை வைத்தால் பலம் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. பலம் கூடத்தான் செய்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய லாபம் நேரம்.

[திரை: பந்தைச் சந்திக்கும் இடம், இரண்டு அடிகளும் அருகருகே]

ஒற்றைக் கை பேக்ஹேண்டில் பந்தை உடலுக்கு நன்றாக முன்னால் சந்திக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ராக்கெட் பின்னுக்குத் தள்ளப்படும், அடி தளர்ந்துவிடும். இரு கை என்றால் பந்து உடலருகே வரும்வரை விட்டுவைக்கலாம், தாமதமானாலும் சமாளிக்கலாம். வேகமான சர்வை (ஆட்டத்தைத் தொடங்கும் அடியை) எதிர்கொள்ளும்போது இந்தக் கணநேரச் சலுகைக்கு மதிப்பு அதிகம். அகாசி, ஜோகோவிச் போன்றவர்களின் ரிட்டர்ன் அவ்வளவு அபாயகரமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது உயரமான பந்து. நடாலின் இடதுகை டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழன்று வரும் பந்து), ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் பக்கம் தோள் உயரத்துக்கு எழும்பும். அந்த உயரத்தில் ஒரு கைக்கு வலு குறைவு. 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் ஃபெடரர் பந்து எழும்பும்போதே முந்திக்கொண்டு அடித்து வென்றார். அதற்கு அசாத்தியமான கண்ணும் காலும் வேண்டும். அதே பந்தை இரு கைக்காரர் பெரிய சிரமமில்லாமல் அடித்துவிடுவார். முழங்கை மீதான சுமையும் இரு கைகளுக்குப் பகிரப்படுகிறது.

1930-களிலேயே ஆஸ்திரேலியாவின் மெக்ராத், புரோம்விச் இருவரும் இரண்டு கையால் ஆடினார்கள். 1970-களில் எவர்ட், கானர்ஸ், போர்க் ஆகியோர் வந்த பிறகுதான் அது பரவலானது. 2024 பிப்ரவரியில், ஆண்களுக்கான ஏடிபி தரவரிசை தொடங்கிய 1973-க்குப் பிறகு முதல்முறையாக, முதல் 10 இடங்களில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆடுபவர் ஒருவர்கூட இல்லாத நிலை வந்தது.

சரி, இழப்பு எங்கே?

[திரை: பக்கவாட்டில் நீட்டி அடிக்கும் வீரர்]

எட்டும் தூரத்தில். இரண்டு கையும் பிடியில் இருந்தால் உடல் அவ்வளவு தூரம் நீளாது. ஓரமாகப் போகும் பந்துக்குக் கூடுதலாக ஒரு எட்டு வைக்க வேண்டும். நேராக உடம்புக்கே வரும் பந்தில் முழங்கைகள் சிக்கிக்கொள்ளும். மிகத் தாழ்ந்த பந்துக்கு முழங்காலை நன்றாக மடக்கியாக வேண்டும்.

வலையருகே பந்து தரையில் படும் முன்பே ஆடும் வாலிக்கும், பந்தைக் கீழ்நோக்கிச் சீவிப் பின்சுழலவிடும் ஸ்லைஸுக்கும் ஒரு கைதான் வசதி. சாம்ப்ரஸ் பதின்ம வயதில் இரு கை பேக்ஹேண்டை விட்டு ஒற்றைக் கைக்கு மாறியவர். வலையை நோக்கி ஓடும் ஆட்டத்துக்கு அது பொருந்தியது, விம்பிள்டனை 7 முறை வென்றார். இரு கை பழகியவர்கள் ஸ்லைஸைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு வருத்தம் தரும் விஷயம். இரு கை பேக்ஹேண்ட் ஆடும் வலதுகை வீரர் டெல் போட்ரோவுக்கு 2014, 2015-இல் இடது மணிக்கட்டில் மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்தன. பழைய பேக்ஹேண்டை ஓங்கி அடிக்க முடியாத நிலையில், ஸ்லைஸை நம்பியே 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜோகோவிச்சையும் நடாலையும் வீழ்த்தி வெள்ளி வென்றார்.

[திரை: இரு கை ஃபோர்ஹேண்ட்]

அப்புறம், ஃபோர்ஹேண்டிலும் இரண்டு கையா? மோனிகா செலஸ் அப்படி ஆடித்தான் 9 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றார். மரியோன் பர்டோலி 2013-இல் விம்பிள்டனையே வென்றார். கூர்மையான கோணங்களும், எந்தப் பக்கம் அடிக்கப்போகிறார் என்று கடைசிவரை தெரியாத மறைப்பும் இதன் பலம். ஆனால் ஃபோர்ஹேண்ட் பக்கம் ஒரு கையே வலுவாக இருப்பதால், இரண்டாவது கை தருவது கொஞ்சம், பறிக்கும் தூரமோ அதிகம். செலஸ் பேஸ்லைனை (ஆடுகளத்தின் பின்கோட்டை) ஒட்டி நின்று பந்தை முந்தி எடுத்ததால் அந்த இழப்பைத் தாங்கினார். அந்தக் கால்வேகம் எல்லோருக்கும் வாய்க்காது. இரு பக்கமும் இரு கையால் ஆடும் குழந்தைக்கு, கை வலுவானதும் ஃபோர்ஹேண்டில் மட்டும் ஒரு கையை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். பேக்ஹேண்டில் இரண்டாவது கை அப்படியே இருக்கட்டும்.