கூடம் நேராகிவிட்டது

பெருமதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களே, இந்தியத் தூதரகத்திலிருந்து வந்திருக்கும் விருந்தினர் அவர்களே, மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, ஆயாமாரே, தாத்தாமாரே, புது இருக்கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயா பத்து நிமிடம் தந்திருக்கிறார். வணக்கம் சொன்னதிலேயே கொஞ்சம் போய்விட்டது. அடடா, கட்டடக் குழுவினரை விட்டுவிட்டேனே, அவர்களுக்கும் வணக்கம்.

நம் பல்கலைக்கழக அரங்கத்துக்குப் புது மெத்தை இருக்கை போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: இருக்கை, ஒலி, செலவு.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." இந்த அரங்கத்தைப் பற்றி நாம் வாய் திறந்தபோதெல்லாம் இந்தப் பழமொழியைத்தான் நம் முகத்தில் வீசினார்கள். ஆனால் கூடம் உண்மையிலேயே கோணல்! பழைய மர இருக்கையில் உட்கார்ந்தால் முழங்கால் முன்னால் இடிக்கும். நடுவில் ஒருவர் எழுந்தால் வரிசையே கிறீச்சிடும். சக்கர நாற்காலியில் வந்தவரைக் கதவோரம் நிறுத்திவைத்தோம். இப்போது எழுந்ததும் இருக்கை தானே மடங்கி வழி விடுகிறது. வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலிக்கும் இடம் இருக்கிறது. சரி, இருக்கை முடிந்தது.

அடுத்தது ஒலி. மெத்தை சொகுசுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், அது ஒலியையும் உறிஞ்சும். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் ஒன்றும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க 5 விநாடிக்கு மேல் ஆனது. அங்கே நான் "துணைவேந்தர் அவர்களே" என்று ஆரம்பித்திருந்தால், அது அடங்குவதற்குள் மாநகராட்சி உறுப்பினரும் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டிருப்பார்! சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்தார். ஊர் அடங்கினால்தானே அளக்க முடியும்! ஆர்கன் இசைக்கருவியின் குழாயை ஒலிக்கவிடுவார், ஒலி அடங்கும் நேரத்தைக் குறிப்பார். இன்னும் சில மெத்தைகளைப் போடுவார், மறுபடி ஒலிக்கவிடுவார். விடிவதற்குள் அத்தனையும் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் 1900இல் பாஸ்டன் சிம்பொனி அரங்கைக் கட்டினார்கள்.

நல்ல மெத்தை இருக்கை, காலியாகக் கிடந்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பதுபோலவே ஒலியை உறிஞ்சிவிடும். எனக்கு அங்கேதான் கவலை. ஆள் வராவிட்டாலும் காதுக்குத் தெரியாதே!

1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கியவர்களின் பிள்ளைகள் நாம். 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், கடற்படையின் பழைய கட்டடங்களில் இந்தியருக்கென்று கல்லூரி தொடங்கினார்கள். நம்மவர்கள் படகேறிப் போய்ப் படித்தார்கள். அங்கே மெத்தையா இருந்தது? பின்னால் அந்தக் கல்லூரி வெஸ்ட்வில்லுக்கு மாறியது, அங்கே தமிழும் ஒரு பாடமாக இருந்தது. அதைப் படித்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். நம் தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்துப் போற்ற வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் பரதம் ஆடும் என் பேத்தி, பாட்டின் பொருளை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்கிறாள்.

கூடம் நேராகிவிட்டது, துணைவேந்தர் அவர்களே. இனி ஆடத் தெரியாததற்குக் கூடத்தைக் கை காட்ட முடியாது. வருஷத்துக்கு ஒரு பொங்கல் விழா போதாது. பட்டப்படிப்பில் தமிழைப் பாடமாக வையுங்கள்.

செலவா? தலைவர் மணியைத் தொட்டுவிட்டார், பொருளாளர் அச்சிட்டிருக்கும் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே தேநீர் மேசையில், தமிழைப் பாடமாக வைக்கக் கேட்கும் விண்ணப்பத் தாள் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வடையை எடுங்கள். வணக்கம்.